கொழும்பில் "நர்ஸ் டாக்டர்" தேடும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி எனக்கு எங்கள் அப்பாவை ஞாபகப்படுத்திவிட்டது. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது இதுதான். ஜனவரியில் வேலை மாற்றலாகி கோவையிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குக் குடிவந்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு வயது 66. நியூ ஜெர்சியில் உங்கள் அக்கா வீட்டில் இருந்தபோது மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து இப்போது எட்டு மாதம். இதயம் இரத்தத்தைத் தள்ளும் திறன் 35 சதவீதம் என்று எக்கோ ஸ்கேனில் வந்திருக்கிறது. அங்கே பெரிய டாக்டரை அம்மா பார்த்தது இரண்டே தடவை. மற்றதெல்லாம் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர். இப்போது உங்களிடம் வந்த அம்மா, "அந்த நர்ஸ் டாக்டர் மாதிரி இங்கேயும் ஒருத்தரைப் பிடித்துக் கொடு" என்கிறார். நாலு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டீர்கள், யாருக்கும் நீங்கள் கேட்பது புரியவில்லை. கொழும்பில் இதயத்துக்கு நல்ல நர்ஸ் பிராக்டிஷனரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முடியாது. அப்படி ஒரு பதவி இங்கே நடைமுறையில் இல்லை. நல்ல நர்ஸ்கள் இருக்கிறார்கள், பட்டப்படிப்பு முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தன் பெயரில் மருந்துச் சீட்டு எழுதி, மருந்தின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் நர்ஸ் கிடையாது. அதற்காக அம்மாவுக்குக் கிடைத்த கவனிப்பு இங்கே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். கிடைக்கும், ஆனால் ஒரே ஆளிடம் கிடைக்காது. மூன்று பேரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

முதலில் அம்மா சொல்லும் அந்த ஆள் யார் என்று பார்ப்போம். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்து வைத்த வேலை இது. டாக்டர் எட்டாத இடங்களில் குழந்தைகளைப் பார்க்க, அனுபவமுள்ள நர்ஸ்களுக்கே மேல்பயிற்சி கொடுத்தால் என்ன என்பதுதான் அவர்களுடைய யோசனை. இன்றைக்கு நர்ஸ் படிப்புக்கு மேலே முதுகலையோ அதற்கும் மேலோ படித்து, தேர்வு எழுதி, மாநில உரிமம் வாங்கித்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும். சோதித்துப் பார்ப்பார்கள், டெஸ்ட் எழுதுவார்கள், மருந்தும் எழுதுவார்கள். சில மாநிலங்களில் தனியாகவே செய்யலாம், சிலவற்றில் ஒரு டாக்டரோடு உடன்படிக்கை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஆகவே "நர்ஸ் டாக்டர்" என்று அம்மா வைத்த பெயர் ஒன்றும் பெரிய பிழை இல்லை.

நாளைக்கே அம்மா திரும்ப அக்கா வீட்டுக்குப் போனால், அங்கே ஒருவரைத் தேர்ந்தெடுக்க அக்கா மூன்று விஷயம் கேட்டால் போதும். எந்தப் பிரிவில் சான்றிதழ் வாங்கியவர், ஏனென்றால் குடும்ப மருத்துவத்துக்கு வேறு, பெரியவர்களின் தீவிர நோய்க்கு வேறு. இதயப் பிரிவில் எத்தனை வருடம் இருந்தார். எந்த நிலைமையில் டாக்டரிடம் அனுப்புவார். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர்தான் தன் எல்லை தெரிந்தவர்.

சரி, கொழும்புக்கு வருவோம்.

இங்கே பெரும்பாலான இருதய வைத்திய நிபுணர்கள் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்வார்கள். சாயங்காலம் தனியார் ஆஸ்பத்திரிகளில் உட்காருவார்கள். அவர்களைப் பார்க்க நேரம் வாங்குவதைச் "சனல் பண்ணுவது" என்பார்கள். முதல் முறை கேட்டபோது டிவி ஞாபகம்தான் எனக்கு வந்தது. ஈ-சனலிங், டொக் 990 என்று போனிலேயே பதிவு செய்யலாம், நேரடியாக ஆஸ்பத்திரிக்கும் கூப்பிடலாம். டாக்டர் காசு தனி, ஆஸ்பத்திரி காசு தனியாகப் பில்லில் வரும். உங்களுக்கு 23-ஆம் நம்பர், நேரம் ஆறரை என்று குறுஞ்செய்தி வரும். ஆறரைக்குப் போனால் டாக்டர் இன்னும் வந்திருக்க மாட்டார். ஏழேகாலுக்கு வருவார். உள்ளே கூப்பிடும்போது மணி ஒன்பது, அம்மாவுக்குப் பசியும் எரிச்சலும். உள்ளே இருக்கப்போவது ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு.

டாக்டர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் படிப்பில் எம்.டி. முடித்து, வெளிநாட்டிலும் பயிற்சி எடுத்து வந்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் அம்மா நேற்று இட்லிக்கு எதைத் தொட்டுக்கொண்டார் என்று கேட்க அவருக்கு ஏது நேரம்? அதைக் கேட்டவர்தான் நியூ ஜெர்சி நர்ஸ். அம்மா தேடுவது அந்தக் கேள்வியைத்தான்.

அதோடு இன்னொரு வேலையும் அந்த நர்ஸ் செய்திருப்பார், அம்மாவுக்கே தெரியாமல். இதயம் பலவீனமானவர்களுக்கு இப்போது நாலு வகை மருந்து கொடுக்கிறார்கள். அதில் சிலதைச் சின்ன அளவில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பிரஷரும் நாடியும் கிட்னி டெஸ்ட்டும் பார்த்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இங்கே மூன்று மாதத்துக்கு ஒரு முறை சனல் பண்ணினால் அது நடக்காது. ஆரம்பித்த சின்ன அளவிலேயே வருடக்கணக்காக நின்றுவிடும். டாக்டரும் "எப்படி இருக்கீங்க?" என்பார், நாமும் "பரவாயில்லை" என்போம், பழைய சீட்டே மறுபடி வரும். எங்கள் அப்பாவுக்கு ஒன்றரை வருடம் அப்படித்தான் ஓடியது.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் திருச்சியிலிருந்து 2005-இல் இங்கே வந்தேன். 2012-இல் அவருக்கு மாரடைப்பு, அடுத்த வருடம் அம்மா போய்விட்டார், பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். இங்கிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களைக் கெடுத்தது. அப்பாவுக்குத் திருச்சி டாக்டர் மேல் அபார நம்பிக்கை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் அவரைப் பார்த்து, மாத்திரைகளை அள்ளிக்கொண்டு வருவார். நடுவில் மூச்சு வாங்கினால் நான் இங்கே சனல் பண்ணுவேன். இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஆள் நான்தான், பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு எழுந்தால் தலை சுற்றியது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு இடத்தில் சொல்லி ஒரு பெண்ணை வைத்தோம். வெள்ளை உடுப்பு, மார்பில் கடிகாரம், பார்க்க நர்ஸ் போலவே இருந்தாள். தினமும் அப்பாவுக்குச் சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து எழுதி வைப்பாள். பன்னிரண்டாம் நாள் கொப்பியைப் புரட்டினேன். பதினொரு நாளும் 120/80. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆறு மாதப் பராமரிப்பாளர் பயிற்சியாம். குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது எல்லாம் அன்பாகச் செய்தாள். நர்ஸ் என்று சொல்லி அனுப்பியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பிறகு பக்கத்து ஃபிளாட் அம்மா சொல்லித்தான் அந்த மிஸ்ஸி வந்தார். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். நம் ஊர் வழக்கத்தில் எல்லாரையும் "சிஸ்டர்" என்று கூப்பிடாதீர்கள், இங்கே சிஸ்டர் என்றால் வார்டுக்குப் பொறுப்பானவர். இவர் உண்மையிலேயே சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இருதய தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம். சிங்களவர். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் வேலை செய்தபோது தமிழ் பழகியிருந்தார், கொஞ்சம் உடைந்த தமிழ். வந்தவுடனே "தாத்தா, எப்படி இருக்கு?" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. 71 வயதுதான் ஆகிறது, இந்த அம்மாவுக்கே அறுபது இருக்கும், நான் இவளுக்குத் தாத்தாவா என்று என்னிடம் முணுமுணுத்தார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்று நான் சொன்ன பிறகுதான் சிரித்தார். அதோடு அவர்கள் இருவரும் ஒரு கட்சி, நான் தனிக் கட்சி.

அவர் முதலில் பிரஷர் மிஷினை எடுக்கவில்லை. "மருந்து எல்லாம் கொண்டு வாங்க" என்றார். அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து அதை அப்படியே கவிழ்த்தார். ஒவ்வொரு அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பிராண்ட் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படித்தார். காலைக்கு ஒரு வரிசை, இரவுக்கு ஒரு வரிசை என்று அடுக்கிக்கொண்டே வந்தவர் இரண்டு அட்டைகளை மட்டும் தனியாக எடுத்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். ஒன்று திருச்சியில் எழுதிய மெட்டோப்ரொலால். மற்றது இங்கே எழுதிய பிசோப்ரொலால். "இது ரெண்டும் அண்ணன் தம்பி, மேடம். ஒரு வீட்டில் ஒருத்தர் போதும்." அப்புறம் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, முழுதாக ஒரு நிமிடம், வாய் திறக்காமல் எண்ணினார். 46.

இரண்டும் இதயத்துடிப்பைக் குறைக்கும் ஒரே இன மருந்து. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அந்த இடத்தில் அவர் செய்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. பால்கனிக்குப் போய் எங்கள் குடும்ப டாக்டரைப் போனில் பிடித்து, நாடி இவ்வளவு, மருந்து இது, அளவு இது என்று சிங்களத்தில் சொன்னார். நிறுத்தச் சொன்னது டாக்டர். சாயங்காலமே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னதும் டாக்டர். இங்கே மிஸ்ஸி தன் இஷ்டத்துக்கு மருந்தை மாற்றினால் அவரை வைத்துக்கொள்ளாதீர்கள். நியூ ஜெர்சியில் அந்த நர்ஸ் மருந்தை மாற்றவே இல்லை என்றால்தான் ஏன் என்று கேட்க வேண்டும். வேலை ஒன்று போலத் தெரியும், அதிகாரம் வேறு.

ஆகவே மூன்று பேரில் முதல் ஆள் மிஸ்ஸி. அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தவரா, அல்லது பட்டம் வாங்கியவரா என்று நேரடியாகக் கேளுங்கள். இதயப் பிரிவில் எத்தனை வருடம் என்று கேளுங்கள். பிறகு ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லிப் பேசாமல் கவனியுங்கள். அம்மாவை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்கிறாரா, கால் தரையில் படிகிறதா, கை இதய மட்டத்தில் இருக்கிறதா, ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டுப் பட்டையைச் சுற்றுகிறாரா, அளக்கும்போது பேச்சை நிறுத்துகிறாரா. சான்றிதழைவிட எனக்கு இதில் நம்பிக்கை. காலில் நீர் கோத்திருக்கிறதா என்று அறிய எங்கள் மிஸ்ஸி கணுக்கால் எலும்புக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, எடுத்து, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். அப்பா அதை "சப்பாத்தி மாவு டெஸ்ட்" என்பார். தினமும் வரத் தேவையில்லை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். அம்மாவைக் குளிப்பாட்ட, துணைக்கு இருக்க ஆள் வேண்டுமென்றால் அது வேறு. அதற்குப் பராமரிப்பாளரே நல்லது. இரண்டையும் ஒருவரிடம் எதிர்பார்த்தால் இரண்டும் கெடும். ஓய்வு பெற்ற மிஸ்ஸிகள் விளம்பரம் போடுவதில்லை. கோயிலில், பாமசியில் (மருந்துக் கடையில்), பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள், தானாகத் தேடி வரும்.

இரண்டாவது ஆள் குடும்ப டாக்டர். வெள்ளவத்தை ஒழுங்கைகளில், அதாவது சந்துகளில், பலகை தொங்கும் டிஸ்பென்சரிகளைப் பார்த்திருப்பீர்கள். காகிதப் பையில் மருந்து கட்டிக் கொடுப்பதைப் பார்த்து நான் ஆரம்பத்தில் அலட்சியமாக நினைத்தேன். தப்பு. நிபுணர் தன் போன் நம்பரைத் தர மாட்டார், இவர் தருவார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்தின் அளவைக் கூட்டும் அந்த வேலையை, நிபுணர் கடிதத்தில் எழுதிக் கொடுத்தால், இவர் செய்வார். நீங்கள் நிபுணரிடம் கேட்க வேண்டியதும் அதுதான்: "இந்த மருந்தை எவ்வளவு வரை கூட்டலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று எங்கள் குடும்ப டாக்டருக்கு ஒரு கடிதம் தருவீர்களா?" நாங்கள் கேட்டபோது அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாலே வரியில் எழுதிக் கொடுத்தார். அந்த நாலு வரிக்குப் பிறகு மூன்று மாதத்தில் அப்பா மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏறினார். தமிழ் பேசும் டாக்டர் உங்கள் பக்கத்தில் தாராளமாகக் கிடைப்பார்கள். நடந்து போகும் தூரத்தில் ஒருவரைப் பிடியுங்கள்.

மூன்றாவது ஆள் இருதய நிபுணர். யார் பெரியவர் என்று எல்லாரும் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பெயர் இலங்கை மருத்துவ சபைப் பதிவேட்டில் நிபுணராக இருக்கிறதா என்று பாருங்கள். இதயத்திலேயே இரத்தக்குழாய் பார்ப்பவர், துடிப்பின் ஒழுங்கைப் பார்ப்பவர், குழந்தைகளைப் பார்ப்பவர் என்று பிரிவுகள் உண்டு, சனல் பண்ணும்போதே கேளுங்கள். ஒரே டாக்டர் திங்கள் நாரஹேன்பிட்டியில், புதன் கொள்ளுப்பிட்டியில் என்று மாறி மாறி உட்காருவார். லங்கா ஹொஸ்பிட்டல்ஸோ டேர்டன்ஸோ ஆசிரியோ நவலோகவோ, ஏதாவது ஒன்றை முடிவு செய்து எப்போதும் அங்கேயே பாருங்கள். எக்கோவும் பழைய ஈ.சி.ஜி.யும் ஒரே இடத்தில் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அவசரமாகப் போகும்போது ஒப்பிட்டுப் பார்க்க முடியும். போயா தினத்தில் நேரம் எடுக்காதீர்கள். மாதா மாதம் பௌர்ணமிக்கு இங்கே அரசாங்க விடுமுறை, நிறைய டாக்டர்கள் வரமாட்டார்கள். எனக்கு இது ஒரு வருடம் புரியவில்லை.

இதற்கிடையில் உங்கள் அக்காவிடம் ஒரு வேலை சொல்லுங்கள். நியூ ஜெர்சி கிளினிக்கிலிருந்து நாலு காகிதம் வேண்டும். டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்கோ ரிப்போர்ட், எந்த இரத்தக்குழாயில் எந்த ஸ்டென்ட் எந்தத் தேதியில் என்ற அட்டை, கடைசிக் கிட்னி டெஸ்ட்டும் பொட்டாசியமும். கூடவே அந்த நர்ஸிடமே ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்: ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், அளவு, எதற்காக, கடைசியாக எப்போது மாற்றியது. மூலப்பெயர் முக்கியம். அங்கே விற்கும் பிராண்டும் கோவை பிராண்டும் இங்கே வேறு வேறு பெயரில் இருக்கும். நம் ஊரில் இரண்டு மருந்தை ஒன்றாகச் சேர்த்த மாத்திரை சர்வசாதாரணம். இங்கே அது தனித்தனியாக வரலாம். ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் என்கிறீர்கள். ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டாவது மருந்து மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக ஒரு வருடம் வரை. எந்தத் தேதி வரை என்று அந்தக் காகிதத்தில் இருக்கட்டும். பல் பிடுங்கப் போனாலும் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. வீடியோவில் அந்த நர்ஸோடு அம்மா பேசட்டும், மனதுக்கு நல்லது. ஆனால் அவர் எழுதும் சீட்டை வைத்து இங்கே பாமசியில் மருந்து வாங்க முடியாது.

மருந்து வாங்க, அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தின் கடையான ஒசுசலவில் முதலில் கேளுங்கள். 1971-இல் பேராசிரியர் சேனக பிபிலே தலைமையில் தொடங்கிய கூட்டுத்தாபனம் அது. மருந்தை மூலப்பெயரில் வாங்கி விலையைக் குறைக்கலாம் என்று அப்போதே செய்து காட்டியவர். 2022-இல் இங்கே மருந்துத் தட்டுப்பாடு வந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மூன்று வாரத்துக்குக் குறைவாக வீட்டில் இருப்பு வைப்பதில்லை. நீங்களும் அப்படியே வையுங்கள். வாங்கும்போது மாத்திரைக்குக் குளிசை என்பார்கள். வாந்திக்குச் சத்தி, வலிக்கு நோ, எந்த நோய்க்கும் வருத்தம். "அம்மாவுக்கு என்ன வருத்தம்?" என்று டாக்டர் கேட்டால் மனக்கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். எங்கள் அப்பா தொடங்கினார்.

சாப்பாட்டில் உப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே அது ஒளிந்திருக்கும் இடங்கள்தான் புதிது: மாசிச் சம்பல், கருவாடு, அச்சாறு, மதியச் சோற்றுப் பார்சலில் வரும் பொரியல். இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். தம்பிலி, அதாவது செவ்விளநீர். உடம்புக்குக் குளிர்ச்சி என்று அப்பா தினமும் காலி முகத்திடலுக்கு நடந்து போய் ஒன்று குடிப்பார். அவருக்கு ஸ்பைரனோலாக்டோன் ஓடிக்கொண்டிருந்தது, அது உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து. இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். ஒரு தடவை டெஸ்ட்டில் 5.8 வந்தது, 5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். டாக்டர் மருந்தைக் குறைக்கப் போனார், மிஸ்ஸிதான் "தாத்தா வெளியே என்ன குடிக்கிறார்?" என்று கேட்டார். தம்பிலி வண்டிக்காரருக்கு ஒரு நல்ல வாடிக்கை போயிற்று.

அவசரம் என்றால் 1990. சுவசெரிய ஆம்புலன்ஸ், இலவசம், தமிழிலும் பேசலாம். 2016-இல் நம் இந்தியாவின் உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் ஆரம்பித்து, பிறகு தீவு முழுவதும் வந்தது. நெஞ்சில் அழுத்தம், வியர்வை, கை தாடை வரை பரவும் நோவு என்றால் சனல் பண்ணுவது, காரை எடுப்பது எதுவும் வேண்டாம். சாயங்காலம் ஐந்தரைக்குக் காலி வீதியில் காரை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டு போனால் பயப்படாதீர்கள். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் கணவருக்கு அங்கேதான் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள், ஒரு ரூபாய் வாங்கவில்லை. உங்கள் கம்பெனி இன்சூரன்ஸில் பெற்றோருக்கு, அதுவும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு, பணம் கொடுப்பார்களா என்று இந்த வாரமே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். அப்புறம் உங்கள் கட்டடத்து லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று ஒரு தடவை பாருங்கள். எங்களுடையதில் நுழையாது. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து வாட்ச்மேனும் ஆம்புலன்ஸ் பையன்களும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டு விலாசத்தைச் சிங்களத்தில் சொல்ல அம்மாவுக்குப் பழக்கிவிடுங்கள்.

மிச்சம் ஒன்றே ஒன்று, தினமும் காலையில் எடை. பாத்ரூம் போய்விட்டு வந்து, சாப்பிடும் முன், ஒரே மாதிரிச் சேலையில். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பு இல்லை, நீர். அன்றைக்கே குடும்ப டாக்டருக்குச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது மிஸ்ஸியால் வர முடியவில்லை. தினம் காலை ஏழு மணிக்கு அப்பா அவருக்குப் போன் போட்டு எடையைச் சொல்வார். ஒரு நாள் சொல்லவில்லை என்றால் ஏழரைக்கு அங்கிருந்து போன் வரும். அடுத்த வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார், தூக்கத்தில்.

அந்த மிஸ்ஸி இப்போது மகளோடு கண்டிக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்தவர் யாராவது தெஹிவளைப் பக்கம் இருக்கிறார்களா என்று நேற்று கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன். அப்பாவின் எடை மிஷின் எங்கள் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போங்கள். பாட்டரி மட்டும் மாற்ற வேண்டும்.